மாயம்மாளின் கோஷமும் முதலாளியின் பதிலும்

வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்த மாயம்மாளுக்குத் தொண்டைதான் சொத்து. எங்கள் செங்கொடிக் கட்சியின் ஊர்வலம் எதுவானாலும் அவள்தான் முன்னால் நின்று கோஷம் போடுவாள். அந்தக் குரலுக்குப் பேகம்பூர் டீக்கடையில் கிளாஸ் ஆடும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன். கூலி உயர்வு கேட்டு மில் வாசலில் அவள் கத்தாத வருடமில்லை. முதலாளி தனபாலன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்தத் தேர்தலில் எங்கள் கட்சி வேட்பாளர் யார் தெரியுமா? அதே தனபாலன்!

செயலாளர் ஆல்வின் அவளிடம் ஒரு தாளை நீட்டினார். "யக்கா, இதுல இருக்கத மட்டும் சொல்லுங்க. வளர்ச்சி நாயகன் வாழ்க, அம்புட்டுத்தான்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் முன்னால் மேளம் முழங்கியது, வேட்டு வெடித்தது. ஜீப்பில் தனபாலன் மாலைக்குள் மூழ்கி நின்றார். அந்தக் குஷியில் மாயம்மாளுக்குத் தாள் மறந்தே போயிற்று. கை தானாக உயர்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"முதலாளித்துவம்!"

"ஒழிக!" என்றது கூட்டம், பழக்கதோஷத்தில்.

கூட்டம் சொல்வதையே திருப்பிச் சொல்லும்படி தனபாலனுக்கு ஆல்வின்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அவரும் முஷ்டியை உயர்த்தி, எல்லோரையும் விடச் சத்தமாக, "ஒழிக! ஒழிக!" என்றார்.

ஆல்வின் தலையில் கைவைத்துக்கொண்டார். மாயம்மாளோ சிரிப்பு தாங்காமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே தம்பி, முப்பது வருசமா அந்த ஆளு வாசல்ல நின்னு கத்துனேன். இன்னைக்குத்தாண்டா பதில் சொல்லிருக்காரு!"