சேவல் ஏலத்தில் காலியான வாலட்

எனக்குக் கஞ்சன் என்று பெயர் உண்டு. அதில் உண்மையில்லை. தேவையான செலவுக்கு நான் யோசித்ததே கிடையாது. என் காசை எடுத்து என்னிடமே தருவதற்கு ஒருவன் கூலி கேட்டால் மட்டும் எனக்கு வயிறு எரியும்.

குமுளியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறேன். போன சீசனில் ஒரு ஏஜென்சிக்காரர் வாடகையைக் கையில் தராமல் என் போனில் இருந்த வாலட்டில் போட்டுவிட்டார். ஆறாயிரம் ரூபாய். அதை வங்கிக் கணக்குக்கு மாற்றப் போனால், நூற்றுக்கு மூன்று ரூபாய் கட்டணம் என்று திரையில் வந்தது. மொத்தம் நூற்றியெண்பது. வைத்த விரலை எடுத்துவிட்டேன். மலையில் டயர் தேய ஓட்டியவன் நான், நூற்றியெண்பது வேறு எவனுக்கோ போவதா? கடையில் செலவழிக்கலாம் என்றால், அந்த வாலட்டின் ஸ்கேன் அட்டை நான் போகிற கடை எதிலும் இல்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மழைக்காலத்தில் ஜீப்பின் கிளட்ச் போனபோது, மனைவியின் கம்மலை ஆறாயிரத்துக்கு அடகு வைத்திருந்தேன். சீசன் காசு வந்ததும் மீட்டுத் தருவதாகப் பேச்சு. அவள் பிளாஸ்டிக் கம்மலோடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் "காசு கைக்கு வரட்டும்" என்பேன். போனுக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. கைக்கு வரவில்லை அல்லவா, அதனால் நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளாளுக்கு வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கடையில் நாற்பதுக்குக் கிடைக்கிற பூசணிக்காய் இங்கே நானூறுக்குப் போகும். காசு சபைக்குத்தானே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. அந்த வருடம் ஏல மேசையில் ஒரு ஸ்கேன் அட்டையும், வந்த தொகையை மலையாளத்தில் கூவிச் சொல்லும் பெட்டியும் புதிதாக இருந்தன. அட்டையை உற்றுப் பார்த்தேன். என் வாலட்டேதான். அதில் கட்டினால் எனக்குக் கட்டணம் கிடையாது.

பக்கத்தில், நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வரிசையில் கடைசி வீட்டு மச்சான் உட்கார்ந்திருந்தார். மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தேன்.

"ஏலத்துல நீங்க எடுங்க மச்சான். மேசையில நான் போன்ல கட்டிருதேன். காச எங்கையில குடுத்துருங்க."

"எதுக்கு மாப்ள இந்தச் சுத்து?"

"சும்மாதான். சில்லற தேட வேண்டாம்லா."

அவர் சேவலை ஆயிரத்து எண்ணூறுக்கும் வாழைத்தாரை ஆயிரத்து எழுநூறுக்கும் எடுத்தார். நான் கட்டினேன், பெட்டி கூவியது, அவர் காசை என் சட்டைப் பையில் திணித்தார். மீதி இரண்டாயிரத்து ஐந்நூறு. அடுத்து ஏலக்காய்ப் பொட்டலம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் இதே ஏற்பாட்டைச் சொல்லியிருந்தேன். அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டார். அறுநூறு ரூபாய் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமே.

"விடாதீங்கக்கா, ஆண்டவருக்குத்தான போவுது" என்று பின்னாலிருந்து உசுப்பினேன். அக்காவுக்கு ரோசம் வந்து இரண்டாயிரத்து ஐந்நூறில் முடித்தார். வாலட் சுத்தமாகக் காலி.

நான் மறந்துபோனது அந்தப் பெட்டியை. மூன்று முறை நான் போனை நீட்ட, மூன்று முறையும் அது கூவியதைப் போதகர் கேட்டிருக்கிறார். ஏலம் முடிந்ததும் மைக்கில், "நம்ம ஜீப் ஓட்டுற சகோதரர் குடும்பம் இந்தப் பண்டிகைக்கு ஆறாயிரம் ரூபாய் காணிக்கை கொடுத்திருக்காங்க" என்று சொல்லி, எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். முக்காட்டுக்குள் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். கம்மல் காசு கடவுளுக்குப் போனதில் அவளுக்குக் குறையே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டைப் பையில் மூவாயிரத்து ஐந்நூறை வைத்துக்கொண்டு நான் ஆமென் சொன்னேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா எதிரே வந்தார். "இந்தாங்க தம்பி, ஏலக்காய்க் காசு. ரெண்டாயிரத்தி ஐந்நூறு, எண்ணிக்கிடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள், என் சட்டைப் பையைப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். லயத்துக்கு நடக்கிற வழியில் எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"அடகுக்கடையில மாசம் எவ்வளவு வட்டி?"

"நூத்தி இருவது."

"மூணு மாசத்துக்கு?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"முன்னூத்தி அறுவது" என்றாள் அவளே. "நூத்தி எம்பது மிச்சம் புடிக்கதுக்கு."

கையை நீட்டினாள். ஆறாயிரத்தையும் கொடுத்தேன். எண்ணி முந்தானையில் முடிந்தாள். கை மறுபடி நீண்டது.

"அந்த மிச்சம் புடிச்ச நூத்தி எம்பது எங்க? அதையும் குடுங்க, வட்டிக்காவது ஆவும்."

டீசலுக்கு வைத்திருந்த இருநூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நடந்தாள்.

"மீதி இருவது?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அது கமிஷன்" என்றாள்.