பத்து மணி நேரமும் அத்திப்பள்ளியும்

நான் வேலை பார்க்கும் ஜெர்மனித் தொழிற்சாலையில் மோனிகா என்றொரு தோழி. பெற்றோர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டாள். "பத்து மணி நேரம்" என்றேன். "காரிலா?" என்றாள். விமானத்தில் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா வீடு நாற்பது நிமிடத்தில் இருக்கிறது. அதையே தூரம் என்று அலுத்துக்கொள்பவள். எனக்கு அந்தப் பத்து மணி நேரத்தின் மேல் குறையே இல்லை. என் அப்பாவை அறுவை சிகிச்சைக்கு முன்னால் என் கண்ணில் காட்டியது அதுதான்.

போன வருடம் எங்கள் ஊரான கெலமங்கலத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஓசூர்ல சேத்திருக்கோம். நாளைக்கு பதினோரு மணிக்கு ஆபரேசன். உன்னையேதான் கேக்கறாரு." மோனிகாதான் என் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, விமான நிலையம்வரை காரில் கொண்டுவந்து விட்டாள். துபாய்க்கு ஆறு மணி நேரம், அங்கிருந்து பெங்களூருக்கு நான்கு. காலை எட்டு மணிக்கு இறங்கிவிட்டேன். இனி என்ன, பக்கத்தில்தானே ஓசூர் என்று டாக்சியில் ஏறினேன். அத்திப்பள்ளியில் ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் அசையாமல் நின்றன. மணி பத்தரை. ஏழு கடல் தாண்டி வந்தவள், மாநில எல்லையில் மாட்டிக்கொண்டு அழுதேன்.

டிரைவர் கன்னடக்காரர். "இது இப்ப நகராதும்மா" என்று இறங்கி, சந்தில் நுழைந்த ஒரு பைக்கை மறித்தார். "ஸ்வல்ப நில்ஸப்பா!"

"என்னண்ணே சொல்லுதீய?" என்றார் பைக்கில் இருந்தவர். தொழிற்சாலைச் சீருடை, திருநெல்வேலிப் பேச்சு. டிரைவர் தமிழுக்கு மாறி விஷயத்தைச் சொன்னார். "பெட்டிய நான் கொண்டாந்து சேக்கறேன், நீங்க போங்கம்மா" என்றார் என்னிடம்.

பைக் லாரிகளுக்கு நடுவே புகுந்து போயிற்று. எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்டார், சொன்னேன். "எங்க ஊருக்கும் பஸ்ல பத்து மணி நேரந்தாங்க்கா. எங்கப்பாவுக்கு முடியலன்னு போன் வந்தப்ப கெளம்புனேன். போயிச் சேரும்போது எல்லாம் முடிஞ்சிட்டு."  அதைச் சொன்னதும் வண்டியின் வேகம் கூடியது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை ஆபரேசன் தியேட்டருக்குள் தள்ளப் போகும் நேரத்தில் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். "வந்துட்டியாம்மா? ஏதாவது சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது. நன்றி சொல்லத் திரும்பி ஓடினேன், பைக் ஓட்டி வந்தவர் போய்விட்டிருந்தார். பேர்கூடக் கேட்கவில்லை. டிரைவர் பெட்டியோடு வந்தவர், ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் அப்பாவோடு இருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை நடந்து வந்து, "ஊருக்குப் போயி சேந்ததும் போன் பண்ணும்மா" என்றார். அவர் வாயால் ஜெர்மனியை ஊர் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

இங்கே வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, போன் செய்தேன்.

"வீட்டுக்கு வந்துட்டேம்ப்பா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.



"சரிம்மா" என்றார் அப்பா. "உள்ள தாப்பா போட்டுக்க."