வால் முறிந்த எழுத்து

தவம் அண்ணையைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்கக்கூட இல்லை... நானாகவே சொன்னேன். அவர் இன்று உயிரோடு இல்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் அவருடைய அச்சகம் இருந்தது. கல்யாண அட்டைக்கு ஆட்கள் அவரைத் தேடி வந்ததே அவரிடமிருந்த பழைய ஆங்கில ஈய அச்செழுத்துகளுக்காகத்தான். தடித்த உடம்பு, கோடுகளின் நுனியில் சிறு பாதங்கள், அவற்றிலிருந்து கொடி போலச் சுருளும் வளைவுகள். மாப்பிள்ளையின் பெயரை அந்த எழுத்தில் பார்த்தால்தான் பெண் வீட்டாருக்குத் திருப்தி.

அவர் அடித்த அட்டைகளையெல்லாம் நான் திகதி குறித்துச் சேர்த்தேன். ஓர் ஆங்கில 'ஆர்' எழுத்தின் வால் நுனி முறிந்திருந்தது. எந்த ஆண்டு அட்டையில் அது முதலில் முறிந்து தெரிந்தது என்பதையும் அறிவேன்.

"என்ர மனிசிக்கே என்னில இவ்வளவு கவனம் இல்லை, மாஸ்டர்" என்று சிரிப்பார்.

ஒரு நாள் வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த வீட்டைச் சோதித்து, அங்கிருந்த எங்கள் எல்லோரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என் அடையாள அட்டை, நான் படிப்பிக்கும் பாடசாலையின் கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. போகலாம் என்று அதிகாரி சொல்லியும் விட்டார்.

அப்போதுதான் மேசையில் அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கண்டேன். காணாமற்போன பிள்ளைகள் எங்கே என்று தாய்மார் கேட்டிருந்தார்கள். அச்சகத்தின் பெயர் இல்லை. ஆனால் ஆங்கிலத் தலைப்பில் அந்த எழுத்து! அந்த வால்!

இதை எங்கே அச்சடித்தார்களோ என்று அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் சலித்துக்கொண்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்: இது கொட்டாஞ்சேனை எழுத்து, சேர். இந்த வாலைப் பாருங்கள்...

பயமா? போகலாம் என்றவரிடம் எனக்கு என்ன பயம்? எனக்குத் தெரியும் என்று காட்டும் ஆசை. அதற்கு வேறு பெயர் தேடிக் களைத்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் தவம் அண்ணையைக் கொண்டுபோனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இனி எழுத்துக் கோக்க முடியாது. அச்சகத்தை விற்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்; போனேன்.

"ஆரோ எழுத்தைப் பாத்துச் சொல்லியிருக்கிறான், மாஸ்டர்" என்றார். "நீங்கள் அங்க நிண்டிருந்தா, இது வேற பிரஸ் எண்டு சொல்லிச் சமாளிச்சிருப்பியள். உங்கட சொல்லை நம்பியிருப்பாங்கள்."

நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் இடக்கையால் பெட்டியைத் துழாவி, அந்த 'ஆர்' எழுத்தை எடுத்து நீட்டினார். "மற்றதெல்லாம் எடைக்குப் போகுது. இது உங்களுக்கு. இதின்ர அருமை உங்களுக்குத்தான் தெரியும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை...

நான் கை நீட்டி வாங்கினேன். முறிந்த இடத்தை விரலால் தடவினேன். பிறகு, அது எந்த ஆண்டு முறிந்தது என்று அவருக்குச் சொன்னேன்.