அத்தையின் வட்டம்

அந்தத் தாளை விரிக்கும்போதெல்லாம் மடிப்பில் கிழிந்துவிடுமோ என்று இன்றும் பயப்படுகிறேன். தாள் நிறைய முக்கோணங்களும் வட்டங்களும். முக்கோணம் ஆண், வட்டம் பெண். குறுக்கே கோடு இழுத்திருந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள். இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் சேர்ந்த புதிதில், அவரவர் குடும்பத்து உறவுமுறையை வரைந்து வரச் சொன்னார் பேராசிரியர். ஊரார் வீட்டில் போய்க் கேள்வி கேட்கப்போகிறவன் முதலில் தன் வீட்டில் கேட்டுப் பழகட்டும் என்பது அவர் கட்சி.

ஆடி மாதம் நாலு நாள் விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். எங்கள் கிறிஸ்தவ வீட்டில் பிறப்பு, இறப்பு எல்லாம் வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும். அப்பா வாசிக்க வாசிக்க நான் வரைந்தேன். ஓரிடத்தில் பெயரின் மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. யாரென்று கேட்டேன்.

"எந்தங்கச்சி. செத்துட்டா. கோடு போடு" என்றார்.

அடிமட்டம் வைத்து, மைப்பேனாவால், நேராகப் போட்டேன். படித்த பிள்ளையல்லவா.

மறுநாள் பால் ஊற்ற வந்த பெண்ணிடம், அத்தை எப்படி இறந்தாள் என்று விசாரித்தேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு சொன்னா? ராசபாளையத்துலல்லா இருக்கா. நாமம் போடுத ஆளைக் கட்டிக்கிட்டான்னு ஒங்க அப்பா தலைமுழுகிட்டாவ. வருசா வருசம் ஆண்டாள் தேருக்கு வருவா. ஒங்க தெரு முக்குல செத்த நேரம் நின்னு வீட்டைப் பாத்துட்டுத்தான் போவா."

எத்தனை ஆடியில் அந்த முக்கைத் தாண்டி நான் ஓடியிருப்பேன்.

அன்றே, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிக்கொண்டிருந்த கரி பஸ் ஏறினேன். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. மலையும் தென்னையும் சாலையும் ஒரே சாம்பல் நிறம். பஸ் போகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. ராஜபாளையத்தில் பஞ்சுக் கிட்டங்கிகளைத் தாண்டி விசாரித்துப் போனால், வாசலில் நின்றது அப்பாவின் முகம்தான், நெற்றியில் குங்குமத்தோடு.

யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வா மருமகனே" என்றாள். இலை போட்டாள். "எனக்கு ஒரு பொட்டப்பிள்ள இருந்தா ஒன்னைய விட்டிருப்பனா" என்று கேலி செய்தாள். பாடத்துக்காகக் குடும்பத்தை வரைகிறேன் என்றதும் தாளைக் காட்டச் சொன்னாள். எது ஆண், எது பெண் என்று சொன்னதும் அவள் விரல் அப்பாவின் முக்கோணத்தைத் தொட்டு, பக்கத்து வட்டத்தில் நின்றது.

"இது நாந்தான? குறுக்க என்ன கோடு?"

நான் சொன்னேன். சொல்லித் தொலைத்தேன்.

"அண்ணன் போடச் சொன்னாவளா?" தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "இருந்துட்டுப் போகட்டும். அழிச்சுக்கிழிச்சு வச்சிராத. அவிய மனசு நோகும்."

அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் பிளேடால் சுரண்டினேன். கோட்டோடு வட்டமும் போய், அத்தை இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு வேறு தாளில், அத்தை உயிரோடு இருப்பதாக, வரைந்து கொடுத்தேன். ஓட்டைத் தாளை அப்பாவின் மேசையில் வேண்டுமென்றே விட்டுப்போனேன். நேரில் சொல்லத் துணிவில்லாத கோழை நான். அதற்குப் பிறகு அத்தையை அடிக்கடி போய்ப் பார்த்தேன். அப்பா தடுக்கவில்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் இல்லை.

நான் வடக்கே வேலையில் இருந்தபோது அத்தை தவறிப்போனாள். மறுவருடம் அப்பா. அவருடைய வேதப்புத்தகத்தைத் திறந்தால் உள்ளே இந்தத் தாள். ஓட்டையை மறைத்துப் பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வட்டம்.

"அவ போயிட்டான்னு சேதி வந்த அன்னைக்கு கோந்து கேட்டாவ" என்றாள் அம்மா. "எதுக்குன்னு நான் கேக்கல."

இன்று ஒரு பேரனுக்காக இதை மறுபடி விரித்திருக்கிறேன். தாளில் என்னைத் தவிர எல்லோருக்கும் கோடு போட்டாயிற்று, அப்பாவுக்கும் நானே போட்டேன். அத்தையின் வட்டத்துக்கு அவர் போடவில்லை. நானும் போடப்போவதில்லை.