அமலா பேசுறேன்

மயிலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமலாவுக்கு வேலை கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது. ஒப்பந்தப் பணி. டாக்டருமில்லை, நர்சுமில்லை. நான் அங்கே ரத்தப் பரிசோதனை செய்பவன். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அதனால் கொரோனா காலத்தின் அந்த இரண்டு வருடமும் அவர் என்ன செய்தார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

கொரோனா வந்த புதிதில் ஒரு நாளைக்கு ஏழெட்டு சுற்றறிக்கை வரும். எல்லாம் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. டாக்டர் பிரபாவதி அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். கிராமம் கிராமமாக வண்டியில் சுற்றும் செவிலியர்கள் அதை எப்போது திறந்து படிப்பது? துப்புரவு வேலை செய்த வெள்ளையம்மாள் அந்தக் குழுவிலேயே இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன்.

ஒரு நாள் காலையில் வெள்ளையம்மாள் கையில் துடைப்பத்தோடு வந்து அமலாவின் எதிரில் நின்றார்.

"எம்மா, முந்தாநாள் அந்த ரூம்ல படுத்துக்கினு இருந்த ஆளுக்கு வந்துடுச்சாமே? பால்காரன் சொல்றான். இப்பத்தான் அந்த ரூம வெறுங்கையால கூட்டினேன்மா."

அந்த ஆளுக்குக் கொரோனா என்ற முடிவை முதல் நாள் மாலையே ஏற்றியவர் அமலாதான். ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளையம்மாளுக்குப் பரிசோதனை எடுத்தோம். முடிவு வரும் வரை அமலா சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை என்று வந்தது.

முடிவு வந்த அன்றே அமலா டாக்டரிடம் போய் நின்றார். "மேடம், தினமும் காலையில நானே தமிழ்ல பேசி அனுப்பட்டுமா? வண்டி ஓட்டுறவங்க, கூட்டுறவங்க எல்லாருக்கும்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்து, "மூணு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு முதல் குரல் பதிவு வந்தது. "அமலா பேசுறேன். இன்னிக்கு மாறினது ரெண்டு விஷயம். மாறாதது மத்ததெல்லாம். இன்னும் யாருக்கும் தெரியாதது ஒண்ணு இருக்குது, அதையும் சொல்லிடுறேன்." தெரியாததைத் தெரியாது என்று சொன்னதுதான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போனது. அடுப்பில் இட்லியை வைத்துவிட்டுக் கேட்பார்கள். வண்டியைக் கிளப்புவதற்கு முன் கேட்பார்கள். வெள்ளையம்மாளுக்கு மட்டும் தனியாக போன் போட்டு அமலாவே சொல்வார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. இரண்டாவது அலை அடித்த மே மாதத்தில்தான் அவருக்குச் சறுக்கியது. கோவிஷீல்டு ஊசியின் இரண்டாம் தவணைக்கு இனி மூன்று மாதம் இடைவெளி என்று உத்தரவு வந்திருந்தது. கோவாக்சினுக்குப் பழையபடி நான்கு வாரம்தான். அன்று அமலாவின் கணவர் வளன் காய்ச்சலில் கிடந்தார். அவசரத்தில், "ரெண்டாவது ஊசிக்கு இனிமே மூணு மாசம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மதியம் வெனிலா போன் செய்தாள். எங்கள் செவிலியர்களில் சின்னவள்; அவள் பார்த்த கிராமத்தில் போட்டது கோவாக்சின்.

"அக்கா, முப்பத்திநாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். மல்லாட்டை புடுங்குற வேலைய உட்டுட்டு வந்தவங்கக்கா. கண்டபடி திட்டிட்டுப் போறாங்க. நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

அமலா உத்தரவை மறுபடி எடுத்துப் படித்தார். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"திருத்தம் குழுவில போட்டுடலாம், விடு" என்றார் டாக்டர்.

"நம்ம ஆளுங்களுக்கு அது போதும் மேடம். திட்டினவங்களுக்கு?"

அடுத்த பதிவில் முதல் வாக்கியமே, "அமலா பேசுறேன். நேத்து நான் சொன்னது தப்பு" என்பதுதான். அதை அனுப்பிய கையோடு, ஜனங்கள் நிலக்கடலைக் கொல்லைக்கு வேலைக்குக் கிளம்புவதற்குள் ஸ்கூட்டரில் அந்தக் கிராமத்துக்குப் போனார். வெனிலாவும் கூட வந்தாள். வீடு வீடாகப் போய், வாசலில் தள்ளி நின்று பேசினார்கள்.

பெரியதம்பி என்கிற விவசாயிதான் முதல் நாள் அதிகமாகச் சத்தம் போட்டவர். "நீ யாரும்மா, டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறவ."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

"நான் சொன்னதுதாங்க தப்பாப் போச்சு. நர்சம்மா மேல ஒண்ணுமில்ல. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

பெரியதம்பி அமலாவை ஏற இறங்கப் பார்த்தார். "டைப் அடிக்கிற பொண்ணைப் போய் என்னத்தைத் திட்டுறது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே பார்த்து, "ஏ, கிளம்பு, ஊசிக்குப் போலாம்" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். அன்று முப்பத்தோரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். ஒருவர் கடைசி வரை வரவேயில்லை. அந்த ஒருவரைப் பற்றி அமலா என்னிடம் பல தடவை பேசியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பதிவை அனுப்புவதற்கு முன் வெள்ளையம்மாளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார். "என்ன புரிஞ்சுது, சொல்லுக்கா." வெள்ளையம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுவிட்டு, "எந்த ஊசின்னு சொல்லவே இல்லியே" என்பது போல ஏதாவது ஒன்றைப் பிடிப்பார். டாக்டரைவிட அவரிடம் தேறுவதுதான் கஷ்டம் என்று அமலா சிரிப்பார். வளனும் பத்து நாளில் தேறிவிட்டார்.

பிறகு ஒப்பந்தம் முடிகிறது என்று கடிதம் வந்தபோது செவிலியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு விழுப்புரம் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். ஒரு வருடம் நீட்டித்தார்கள். அதுவும் முடிந்தது. இப்போது அமலா திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்.

போன வாரம் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். ஒரு கையால் மிஷினில் தாள் அடுக்கிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தார். மறுமுனையில் வெனிலா, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவள். டெங்கு பற்றிப் புதிதாக ஏதோ உத்தரவாம்.

"நான் இப்ப அந்த வேலையிலேயே இல்லடி" என்றார் அமலா. அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சல் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரி, அனுப்பு. படிச்சுட்டுச் சொல்றேன்" என்று மிஷினை நிறுத்தினார்.