பேர் வெட்டிய டம்ளர்

மரதன் ஓட்டம் என்றால் என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அக்கரப்பத்தனையிலிருந்து டயகம பக்கம் ஏறுகிற ரோட்டில், மலையைச் சுற்றிச் சுற்றிப் பெரிய ஆட்கள் ஓடப் போகிறார்கள் என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து சொன்னபோது, என் அத்தை கேட்டது இதைத்தான்: "ஏங்கய்யா, அன்னைக்கு பஸ் ஓடலையா?"

ஓடி வருகிறவர்களுக்கு லயத்துக்கு முன்னால் உள்ள வளைவில் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கால் நீட்டக் கிடைக்கிற ஒரே நாள். அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும், "நான் வர்றேங்க" என்றார். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். எந்தக் காரியத்துக்கும் அவ்வளவு லேசில் தலையாட்டுகிறவர் இல்லை என் அம்மா.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு வேனில் வந்து மேசையையும், பெரிய பெரிய கேன்களில் தண்ணீரையும், ஒரு பெட்டி நிறையக் கடதாசிக் கப்புகளையும் இறக்கினார்கள். கப்பை எப்படி நீட்ட வேண்டும், அவர்கள் எப்படி ஓடிக்கொண்டே பிடுங்கிக் குடித்துவிட்டு ரோட்டில் எறிவார்கள் என்றெல்லாம் ஒரு அக்கா செய்து காட்டினார். வேன் போனதும் அம்மா ஒரு கப்பை எடுத்து விரலால் அமுக்கினார். அது சப்பென்று ஒடுங்கியது.

"இதுலயா குடுக்கிறது, வீட்டுக்கு வந்தவங்களுக்கு?"

"அவங்க ரோட்டுக்கு வர்றவங்க அண்ணி," என்றார் அத்தை.

"ரோடு யாரு வாசல்ல கெடக்கு?"

அவ்வளவுதான். கப்புப் பெட்டி மேசைக்கு அடியில் போய்விட்டது. லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சில்வர் டம்ளர்களை வாங்கி வந்தார். எங்கள் வீட்டு டம்ளரும் சுவர்த் தட்டிலிருந்து இறங்கியது. அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது அது. வாயோரத்தில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அதில் ஒரு வாய் கஞ்சி குடிக்க விட்டதில்லை. வருகிறவர்களுக்கென்று வைத்தது அது. ஆனால் வந்தவர்கள் யாரும் அதில் குடித்து நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து யாராவது லயத்துக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசுவார்கள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தால், வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டுப் போவார்கள். அம்மா அதைக் கழுவித் துடைத்துத் திரும்பத் தட்டில் கவிழ்த்து வைப்பார்.

"ஓடுறவன் நின்னு டம்ளரைத் திருப்பிக் குடுப்பானா?" என்றார் அப்பா.

"வாங்கத்தான் இவன் நிக்கப் போறானே," என்று அம்மா என்னைக் காட்டினார். அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

மறுநாள் காலையில் ஒரே பனிமூட்டம். முதலில் வந்தவர்கள் மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் காற்று மாதிரி போய்விட்டார்கள்.

"ஒங்க டம்ளருக்கு இன்னைக்கும் நேரம் சரியில்ல அண்ணி," என்றார் அத்தை. அம்மா கையை இறக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் மெதுவாக வந்தார்கள். சில்வர் டம்ளர்களைப் பார்த்துச் சிரித்து, நின்று குடித்து, என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அந்தச் சிவப்பு பனியன்காரர் வருகிற வரைக்கும். காதில் வயரை மாட்டிக்கொண்டு வந்தவர், அம்மாவின் கையிலிருந்த அந்தப் பேர் வெட்டிய டம்ளரை வாங்கினார். குடித்தார். டம்ளரோடு வளைவைத் தாண்டி ஓடிவிட்டார்.

"டேய், டம்ளரு!" என்றார் அத்தை.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. "மஹத்தயா, கோப்பே! கோப்பே!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓடினார். நான் அவரை உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்திருக்கிறார். மேல் லயத்து ஆட்கள் வேறு, "நம்ம பய ஓடுறான்டா, விடாதே" என்று கைதட்டினார்கள்.

ரோட்டில் ஓடிப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ரோடு மலையைச் சுற்றிப் போகும், கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறுகிற குறுக்குப் பாதை நேரே போகும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறி, கால் முழங்காலெல்லாம் சிராய்த்து, மேல் ரோட்டில் அவருக்கு முன்னால் போய்க் குதித்து இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

அவர் நின்றார். காதிலிருந்து வயரைக் கழற்றினார். தன் கையிலிருந்த டம்ளரை அப்போதுதான் பார்க்கிறவர் போலப் பார்த்தார். வெட்டியிருந்த எழுத்தைத் தொட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"அம்மாகே நம," என்றேன். அம்மாவின் பேர்.

கையை நீட்டினேன். அவர் தரவில்லை. ஏற வேண்டிய ரோட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பிக் கீழே ஓடத் தொடங்கினார். எதிரே வந்தவர்கள், அந்தப் பக்கம் இல்லை என்று அவருக்குக் கை காட்டினார்கள். அவர் கேட்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் வளைவுக்கு வந்ததும் டம்ளரைப் பனியனில் துடைத்தார். அம்மா கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் நீட்டி, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அம்மா வாங்கி, அலசி, மறுபடி நிறையத் தண்ணீர் பிடித்து அவரிடமே கொடுத்தார். அவர் ரோட்டோரத்தில் நின்று, அவசரமே இல்லாதவர் போல, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். "ஸ்தூதி, அம்மே," என்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப மலையேறினார்.

அத்தை அடுத்த டம்ளரில் தண்ணீர் பிடித்தார். அப்பா காலிக் கேன்களைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் கையிலயே குடுத்திருந்தா அவரு அப்படியே போயிருக்கலாம்ல? எத்தனை பேர் முந்திட்டாங்க," என்றேன்.

"அடுத்த ஆளு வர்றாங்க பாரு. டம்ளரை வாங்கு," என்றார் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனிதான் என்று நினைத்தேன்.

கப்புப் பெட்டி பிரிக்காமலே வேனில் ஏறிப் போனது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், மரதன்காரர் ஒருவரையே நான் முந்திவிட்டேன் என்று பெருமையடித்துத் திரிந்தேன். அதில் பொய்யும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அன்றைக்குப் பிறகு அம்மா அந்த டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைக்கவில்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார், தாகம் எடுத்தால் அதிலேயே குடி என்றார். யார் யாரோ வாய் வைத்ததால் மதிப்புக் குறைந்துபோய்த்தான் அது எனக்குக் கிடைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.