மச்சான் தூக்கிப் பிடித்த பைப்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலூரில் எங்கள் பக்கத்தில் அப்போது என் வீட்டில் மட்டும்தான் பிராட்பேண்ட். அதை வயர் இல்லாமல் இரண்டு வீடுகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். வடக்கே நண்பன் வீடு, தெற்கே கடற்கரைக் குப்பத்தில் என் தங்கை வீடு. எல்லாப் பக்கமும் பரப்பும் குச்சி ஆன்டெனா இரண்டு தெருவைக்கூடத் தாண்டவில்லை. அதனால் ஒரே திசையில் பாயும் கம்பிவலை ஆன்டெனா இரண்டை வாங்கி, ஒன்றை வடக்கே, ஒன்றைத் தெற்கே திருப்பி, ஒரே வைஃபை பெட்டியில் சேர்த்தேன். சேர்க்கக் கையில் கிடைத்தது ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கக் கேபிள் டிவிக்காரர்கள் போடும் ஸ்ப்ளிட்டர். வைஃபைக்கு அது ஆகவே ஆகாது. சிக்னலில் பெரும்பகுதி அதற்குள்ளேயே செத்துவிடும். இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்த மாதிரி பேச மட்டும் நன்றாகத் தெரியும்.

தங்கையின் கணவர் தன் வீட்டு மொட்டை மாடியில் இரும்பு பைப்பில் இன்னொரு ஆன்டெனாவைக் கட்டி நிறுத்தியிருந்தார். நான் என் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போனில் வழி சொன்னேன்.

"ஒசரம் பத்தல மச்சான். இன்னொரு பைப்ப மாட்டித் தூக்குங்க."

"காத்து ஜாஸ்தியா இருக்கு மச்சான். ஆடுது."

"கொஞ்சந்தான். எடது பக்கம் சாய்ங்க. இன்னும், இன்னும்."

என் கண் திரையிலிருந்த சிக்னல் கோடுகளின் மேலேயே இருந்தது. அந்த மாடியின் இடது பக்கம் கரண்ட் கம்பி போவது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நிமிடம் நினைவில் இல்லை.

போனில் "ஐயோ" என்று ஒரு சத்தம். அதே நொடியில் என் கம்ப்யூட்டர் அணைந்தது, மின்விசிறி நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது.

சைக்கிளை எடுக்கத் தோன்றவில்லை. ஓடினேன். திரும்பத் திரும்ப அவர் நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தங்கை முகத்தில் எப்படி முழிப்பேன்? குப்பம் வந்ததும் கால் தயங்கியது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல்.

வாசலில் கூட்டம். நடுவில், தலையில் தண்ணீர் சொட்ட, மச்சான் உட்கார்ந்திருந்தார். உயிரோடு. தோளில் இடுக்கியிருந்த போன் நழுவ, அதைப் பிடிக்கப் பைப்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்திருக்கிறார். பைப் தானாகச் சாய்ந்து கம்பியில் விழுந்திருக்கிறது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கை அழுதுகொண்டே அவரை உலுக்கினாள். "யாரு ஒன்ன இம்மாம் ஒசரம் ஏத்தச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நாந்தான் ஏத்துனேன். ஒங்கண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு என்னிடம் வந்தாள்.

"நீயாச்சும் சொன்னியேண்ணா. இந்தா, குடி."

நான் வாங்கிக் குடித்தேன்.